ஓரத்தில் இருக்கிறது உடுப்பின் ஆயுள்

ஒரு புடவைத் துண்டு பழுதாகத் தொடங்கும் இடம் அநேகமாக அதன் ஓரம்தான். நடுவில் நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டிய ஓரத்தில் அந்தப் பிடி இல்லை. இரண்டு மூன்று முறை கழுவிக் காயப்போட்டதும் நூல் ஒவ்வொன்றாகப் பிரிந்து தொங்கும். ஆகவே தைக்கத் தெரிந்தவர்கள் முதலில் ஓரத்தைக் காத்தார்கள். காத்த ஓரத்தைப் பிறகு அழகுபடுத்தினார்கள். பட்டி, ரேந்தை, பிறை வளைவு, அப்ளிக் என்று இன்று நாம் பெயர் சொல்லும் அலங்காரங்களில் பெரும்பாலானவை இப்படிக் காவலாகப் பிறந்தவையே.

அன்புச் சகோதரிகளே! இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெருநாள் நெருங்கும்போது கடைகளில் ஓரம் நிறையப் பூவேலை செய்த கவுண்களும் தலையணை உறைகளும் தொங்குகின்றன. விலை கொடுத்து வாங்கி இரண்டு மாதம் கழுவினால், ஒட்டிய பூ ஒரு பக்கம், பிரிந்த நூல் ஒரு பக்கம். ஓரத்தைப் பிடிக்காமல் மேலே மட்டும் ஒட்டிய அலங்காரம் அவ்வளவுதான் தாங்கும். அதே வேலையை வீட்டு மெஷினில் நிதானமாகச் செய்தால் மூத்த பிள்ளை உடுத்ததை இளைய பிள்ளையும் உடுத்தலாம்.

அரபுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மௌலவிக்கும் தையலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சிறு வயதில் உம்மாவின் கை மெஷினுக்குச் சக்கரம் சுற்றியவன் நான். இக்கட்டுரையில் வரும் அளவுகளையெல்லாம் மெஷினில் தைத்துப் பார்த்துச் சரி சொன்னவர் என் மனைவி. அத்தோடு, இந்த ஓர வேலைக்கு நமது நூல்களில் ஓர் இடமும் இருக்கிறது.

ஓரம் பற்றிய ஒரு பழைய கேள்வி

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு சம்பவம் வருகிறது. ஆடையின் ஓரத்தில் பட்டு வேலைப்பாடு இருப்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் தடுப்பதாக அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களுக்குச் செய்தி கிடைத்தது. ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஆண்களுக்குப் பட்டு கூடாது என்ற எச்சரிக்கையில் ஓரப் பட்டியும் சேர்ந்துவிடுமோ என்ற பேணுதலால்தான் தவிர்த்தேன் என்ற கருத்தில் பதில் வந்தது. அப்போது அஸ்மா (ரலி) அவர்கள் ஓர் அங்கியை எடுத்துக் காட்டினார்கள். அதன் திறப்புகளின் ஓரங்களில் பட்டுப் பட்டி வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அது நபி (ஸல்) அவர்கள் அணிந்த அங்கி. ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்து, அவர்கள் மறைந்தபின் தம்மிடம் வந்தது என்று விளக்கினார்கள். ஆண்களின் உடுப்பில் இரண்டு, மூன்று, நான்கு விரல் அகலம் வரை பட்டு இருக்கலாம் என்ற அனுமதியும் அதே நூலில் இருக்கிறது. பெண்களுக்குப் பட்டு ஆகுமானது என்பது தெரிந்ததே.

அங்கியின் திறப்பு என்பது கையும் காலும் பட்டுப் பட்டு உரசித் தேயும் இடம். அங்கே பட்டி வைத்தால் உடுப்புக்கு உறுதியும் வரும், அழகும் வரும். இரண்டும் ஒரே தையலில் கிடைக்கின்றன.

கெய்ரோ நகரில், 1092 ஆம் ஆண்டில் எழுந்த ஸுவைலா வாயிலுக்கு வெளியே, கூடாரக்காரர் தெரு ஒன்று இருக்கிறது. கைமா என்றால் கூடாரம். அதனால் அங்கு நடக்கும் வேலைக்குக் கையாமிய்யா என்று பெயர். தடித்த கன்வஸ் துணியின் மேல் பல நிறப் பருத்தித் துண்டுகளை வெட்டி வைத்து, ஓரத்தை ஊசி முனையால் உள்ளே மடித்துக் கையால் தைத்துவிடுவார்கள். மாதிரியைக் காகிதத்தில் வரைந்து, கோடு நெடுகத் துளையிட்டு, மேலே கரித்தூளைத் தட்டினால் கோலம் துணியில் இறங்கிவிடும். அத்தெருவில் ஊசி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூடாரமும் பந்தலும் வெயிலிலும் காற்றிலும் நிற்க வேண்டியவை. அங்கே ஓரம் பிரிந்தால் வேலை முழுதும் வீண். அதனால் அவர்கள் எந்தத் துண்டையும் ஓரம் மடிக்காமல் வைப்பதில்லை. அதே கோலங்களை அச்சடித்த மலிவுத் துணி சந்தைக்கு வந்தபின் அவர்களின் பிழைப்புச் சுருங்கியது. ஆயினும் அச்சுத் துணியையும் தைத்த துணியையும் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மெஷின் எதுவானாலும் போதும்

ஐசாக் சிங்கர் தமது மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851 இல். அந்தக் கம்பனி 1877 இல் இலங்கைக்கு வந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் உம்மம்மாவின் கால் மெஷின் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. நேர்த்தையல் மட்டுமே போடும் அந்த மெஷினில் அலங்கார வேலை செய்ய இயலாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. கீழே வரும் வேலைகளில் ஒன்றுக்கு மட்டுமே சிக்செக் தையல் வேண்டும்.

எந்த வேலைக்கும் முன் மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது, அடித்துணி, வெட்டுத் துண்டு, ரேந்தை, பட்டி எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்து ஸ்திரிக்கை போடுங்கள். பருத்தி சுருங்கும், ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் தைத்த இடம் அலை அலையாகிவிடும். இரண்டாவது, சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நிறத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வெள்ளைத் துணியில் வைக்க வேண்டாம். மூன்றாவது, ஊசி. சாதாரண பருத்திக்கு 14 ஆம் இலக்கம், மெல்லிய வொயிலுக்கு 11 ஆம் இலக்கம். மழுங்கிய ஊசி துணியில் நூலை இழுத்து ஓட்டை விடும்.

கிராஸ் பட்டி

வளைந்த ஓரத்துக்கு நேராக வெட்டிய பட்டி சரிவராது. சதுரத் துணியின் ஒரு மூலையை எதிர் மூலையில் வைத்து மடியுங்கள். மடிப்புக் கோடு விழும் திசைதான் கிராஸ். அந்தத் திசையில் துணி இழுபடும். அதனால் கழுத்து, கை, குழந்தையின் மார்புத்துணி ஆகிய வளைவுகளில் அழகாகப் படியும்.

கால் அங்குல அகலத்தில் பட்டி தெரிய வேண்டுமானால் 1 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். தெரிய வேண்டிய அகலத்தைப் போல் நான்கு மடங்கு என்பது கணக்கு. 18 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றில் 7 யாருக்குக் குறையாமல் பட்டி கிடைக்கும். இரண்டு பட்டிகளை இணைக்கும்போது, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ட என்ற எழுத்தின் மூலைபோல் செங்கோணமாக வைத்து, சரிந்த முனை வழியே தையுங்கள். தையலைப் பிரித்து அழுத்தினால் இணைப்பு தடிக்காது.

பட்டியின் நல்ல பக்கத்தைத் துணியின் நல்ல பக்கத்தில் வைத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து, கால் அங்குலம் விட்டுத் தைக்கவும். பின் பட்டியை உட்பக்கம் புரட்டி, மீதி ஓரத்தை உள்ளே மடித்து மீண்டும் தைக்கவும். கழுத்துப் போன்ற உள்வளைவில் பட்டியைச் சற்றே இழுத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து திறந்து நிற்கும். மேசை விரிப்பின் மூலை போன்ற வெளிவளைவில் பட்டியைச் சற்றே தளர விட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கிண்ணம்போல் மேலே சுருளும். பழக வேண்டிய நுட்பம் இவ்விரண்டும்தான்.

பிறை வளைவு ஓரம்

தலையணை உறை, மேசை விரிப்பு, சிறுமியின் கவுண் ஆகியவற்றில் பிறை பிறையாக ஓரம் வெட்டுவதை ஸ்கெலப் என்பார்கள். கண் மட்டத்தில் வரைந்தால் கடைசிப் பிறை பாதியில் நின்றுவிடும். ஆகவே ஓரத்தின் நீளத்துக்குச் சமமாக ஒரு காகிதக் கீற்று வெட்டி, சம பாகங்களாக மடித்து, ஒரு முனையில் வளைவை வெட்டிப் பிரியுங்கள். 18 அங்குல உறைக்கு 3 அங்குலப் பிறை ஆறு வரும். வளைவுக்கு ஒரு கோப்பையின் விளிம்பை வைத்துக் கோடு போடலாம்.

துணியின் நல்ல பக்கத்தின் மேல் அதே நிறத்தில் அல்லது வேறு நிறத்தில் மற்றொரு துண்டை நல்ல பக்கம் கீழாக வையுங்கள். பென்சில் கோட்டின் மேல் சிறு தையலாக, அங்குலத்துக்கு 15 தையலுக்குக் குறையாமல் தையுங்கள். இரண்டு பிறைகள் சந்திக்கும் உள்முனையில் கூராகத் திரும்பாமல், குறுக்காக ஒரு தையல் போட்டுத் திரும்புங்கள். பிறகு தையலுக்கு வெளியே அரைக்கால் அங்குலம் விட்டு வெட்டி, வளைவில் சிறு சிறு முக்கோண வெட்டுகளும், உள்முனையில் தையல் வரை ஒரு நேர் வெட்டும் இடுங்கள். தையல் நூலில் கத்தரி படக்கூடாது. புரட்டி, மழுங்கிய குச்சியால் வளைவை வெளியே தள்ளி, ஸ்திரிக்கை போட்டால் பிறைகள் ஒரே சீராக நிற்கும். உள்முனையில் வெட்டு போதாவிட்டால் அந்த இடம் சுருக்கு விழும். துணி மேல் குறை சொல்ல வேண்டாம்.

வளைந்து வளைந்து செல்லும் நாடா உங்களிடம் இருந்தால் இதைவிட எளிய வழியும் உண்டு. துணிக்கும் உட்பட்டிக்கும் நடுவில் நாடாவை வைத்து, நாடாவின் நட்டநடுவே தைத்துப் புரட்டுங்கள். பாதி உள்ளே மறைந்து, மறுபாதி சிறு பற்கள்போல் வெளியே தெரியும்.

ரேந்தை

காலி, வெலிகமைப் பக்கத்துப் பெண்கள் தலையணையில் குண்டூசி குத்தி, பீரலு என்ற மரக்குச்சிகளைப் புரட்டிப் பின்னும் ரேந்தை நம் நாட்டின் பெயர்பெற்ற ஓர வேலை. ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. கையால் பின்னிய ரேந்தையோ கடை ரேந்தையோ, சுருக்கி வைப்பதானால் ஓரத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு எடுங்கள். 2 யார் ஓரத்துக்கு 3 யார் ரேந்தை. மூலைகளில் சுருக்கைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மூலை இழுத்துக்கொண்டு மடங்கும். துணியின் வெட்டிய ஓரம் ரேந்தைக்குப் பின்னால் திறந்து கிடக்கக் கூடாது. அதை மடித்தோ, கிராஸ் பட்டி வைத்தோ மூட வேண்டும்.

அப்ளிக்: நேர்த்தையல் மெஷினில்

ஒரு துணியை வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பதே அப்ளிக். சிக்செக் இல்லாத மெஷினுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி அட்டை வழி. பூ, இலை, பிறை எதுவானாலும் தடித்த அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். துணியைக் கால் அங்குலம் கூடுதலாக வெட்டி, அட்டையை உட்பக்கம் வைத்து, ஓரத்தை அட்டையின் மேல் மடித்து ஸ்திரிக்கையால் அழுத்துங்கள். வளைவில் சிறு வெட்டுகள் வேண்டும். இலையின் கூர்முனையில் முதலில் நுனியை மடித்து, பிறகு இரு பக்கங்களையும் மடிக்க வேண்டும். அட்டையை எடுத்துவிட்டு, அடித்துணியில் வைத்து ஊசி நூலால் ஓட்டி, விளிம்பை ஒட்டியே மெஷினில் தைத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி புதிதாகப் பழகுவோருக்கு. ஒரே அளவு இரண்டு துண்டுகளை நல்ல பக்கங்கள் சேர வைத்து, சுற்றிவர முழுவதும் தையுங்கள். பின்துண்டின் நடுவே மட்டும் சிறிய கீறல் இட்டு, அதன் வழியே நல்ல பக்கத்தை வெளியே புரட்டி அழுத்துங்கள். ஓரம் தானாக மடிந்து, பிசிறு எங்கும் இராது. கீறல் கீழே மறைந்துவிடும்.

அப்ளிக்: சிக்செக் மெஷினில்

இங்கே ஓரத்தை மடிக்காமல், நெருக்கமான சிக்செக் தையலால் மூடுகிறோம். வெட்டிய துண்டை முதலில் ஓரத்தை ஒட்டி நேர்த்தையலால் பிடித்துவிடுங்கள். தையலின் அகலம் 2 முதல் 3 மில்லிமீற்றர், நீளம் அரை மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். மேல் நூலின் இறுக்கத்தைச் சற்றுக் குறைத்தால் பொபின் நூல் மேலே எட்டிப் பார்க்காது. அடித்துணிக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒன்று வைத்தால் துணி சுருங்காது, தைத்தபின் கிழித்தெடுக்கலாம். பத்திரிகைத் தாளின் மை துணியில் ஏறும், அதைத் தவிர்க்கவும்.

ஊசி வெளிப்புறம் இறங்கும்போது துண்டின் ஓரத்தை மயிரிழை தாண்டி அடித்துணியில் இறங்க வேண்டும். உட்புறம் துண்டின் மேல். வெளிவளைவிலும் வெளிமூலையிலும் ஊசி வெளிப்புறம் இறங்கியிருக்கும்போது பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். உள்வளைவில் ஊசி உட்புறம் இருக்கும்போது திருப்புங்கள். மாறிச் செய்தால் இடையில் முக்கோண இடைவெளி விழும். அங்கேதான் பிறகு நூல் பிரியும். முடிவில் பின்னோக்கித் தைத்துக் கட்டியாக்காமல், நூல்களை உட்பக்கம் இழுத்து முடிச்சிடுங்கள்.

எந்த வழியானாலும், உடுப்பின் பக்கங்களை மூட்டுவதற்கு முன், துணி தட்டையாக இருக்கும்போதே அப்ளிக்கை முடித்துவிடுவது எளிது.

எங்கே வைப்பது?

பையனின் கழிசான் முழங்காலில் கிழிந்ததா? ஓட்டையைவிட ஒரு அங்குலம் பெரிய துண்டாக வைத்தால் அது ஒட்டுப்போல் தெரியாது, அப்ளிக் ஆகத் தெரியும். கவுண் குட்டையாகிவிட்டதா? 2 அங்குலப் பட்டியை வேறு நிறத்தில் கீழே இணைத்து, அதே நிறத் துண்டு ஒன்றைச் சட்டைப்பைக்கும் வையுங்கள். இரண்டு இடத்தில் வந்தால் பார்ப்பவருக்கு அது திட்டமிட்டுத் தைத்ததாகப் படும்.

முஸல்லாவுக்குச் செய்வதானால் வேலையை ஓரத்தோடு நிறுத்துங்கள். வேலைப்பாடுள்ள ஓர் ஆடை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால் நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிய செய்தி புகாரியில் இருக்கிறது. ஸுஜூது செய்யும் இடம் வெறுமையாக இருப்பதே மேல்.

கூலி என்று ஒன்று உண்டு

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தபடி அயலவருக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதுவே பிள்ளைகளின் பாடசாலைச் செலவு. ஆனால் “சொந்தம்தானே”, “பக்கத்து வீடுதானே” என்று சொல்லித் துணியைக் கொடுத்துவிட்டு, நூல் காசு மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் அதிகம். கடையில் கேட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம்; ஏழை ராத்தாவிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். வேலை செய்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தையல்காரியின் வியர்வை நமக்குத் தெரிவதில்லை. அது இரவில், பிள்ளைகள் உறங்கியபின் சிந்துவது.

தைப்பவர்களும் கணக்கு வைக்கப் பழக வேண்டும். ஒரு கொப்பியில் வெட்டிய நேரம், தைத்த நேரம், ஸ்திரிக்கை போட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை எட்டால் வகுத்தால் ஒரு மணித்தியாலத்தின் கூலி வரும். பிறை ஓரம் வைத்த ஒரு சோடி தலையணை உறைக்கு மூன்று மணித்தியாலம் சென்றிருந்தால், அந்தக் கூலியை மூன்றால் பெருக்கி, துணி, நூல், ரேந்தை, மின்சாரம், ஊசி ஆகியவற்றின் செலவைக் கூட்டுங்கள். அதற்குக் குறைந்து விற்றால் உங்கள் உழைப்பின் ஒரு பகுதியை இனாமாகக் கொடுக்கிறீர்கள். இனாமாகக் கொடுப்பது நல்லதே. ஆனால் அது நீங்கள் மனம் விரும்பிக் கொடுப்பதாக இருக்க வேண்டும், மற்றவர் வெட்கப்படுத்தி வாங்குவதாக இருக்கக் கூடாது. விலையைத் துணி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். உடுப்பை ஒப்படைக்கும்போது சொன்னால் இருவருக்கும் மனக்கசப்பு.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. உடுப்பைக் கையில் எடுத்ததும் பூவைப் பார்க்குமுன் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் மூடியிருக்கிறதா, முனைகள் முடிச்சிட்டிருக்கின்றனவா, பிறையின் உள்முனை சுருக்கமின்றிப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால், கேட்ட கூலியை முழுதாகக் கொடுங்கள். அந்த உடுப்பு உங்கள் வீட்டில் நெடுநாள் இருக்கும். அதைத் தைத்த வீட்டிலும் அடுப்பு எரியும்.